ஊமையாகிப் போன கணினி

 

நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த கணினி இன்று காலையில் வாய் திறக்க மறுத்துவிட்டால் தாங்கள் என்ன செய்வீர்கள்? படம் தெரிகிறது, எழுத்துகள் தெரிகின்றன, இணையமும் வேலை செய்கிறது, ஒலி மட்டும் இல்லை. நம்மில் பலர் ஒலியளவுப் பட்டையை மேலும் கீழும் இழுத்துப் பார்ப்போம். அணைத்து மீண்டும் இயக்குவோம். அதற்கும் மசியாவிட்டால் பிள்ளைகளில் ஒருவனிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிடுவோம். அதன்பின் கடைக்காரர் கூறுவதே இறுதித் தீர்ப்பு. அத்தகைய தீர்ப்பொன்று ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு பெரிய இழப்பை ஏற்படுத்தவிருந்தது என்பதை அண்மையில் நேரில் கண்டேன். ஆகவே இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் லாத்தா ஒருவர் வசிக்கிறார். அறுபது வயதைக் கடந்தவர். அவருடைய கணவர் 1980களில் சவூதி அரேபியாவில் பணியாற்றியவர். அக்காலத்தில் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு என்பது எளியோர்க்கு எட்டாத செலவு. கடிதம் வரும், ஆனால் கடிதத்தில் குரல் வராது. ஆதலால் வளைகுடா சென்ற நம்மவர்கள் ஒலிநாடாவில் மணிக்கணக்கில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவார்கள். இங்கே வீட்டார் கூடி அமர்ந்து கேட்பார்கள். அதே நாடாவின் மறுபக்கத்தில் தாங்கள் பேசித் திருப்பி அனுப்புவார்கள். மூத்த வாசகர்கள் இதனை மறந்திருக்க மாட்டீர்கள்.

லாத்தாவிடம் அத்தகைய நாடாக்கள் பன்னிரண்டு இருந்தன. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன் வெளிநாடு செல்லுமுன் ஒன்பது நாடாக்களை எப்படியோ ஓட்டி, அவற்றிலிருந்த பேச்சைக் கணினியில் ஏற்றி வைத்தான். மற்ற மூன்றிலும் பூஞ்சை படர்ந்திருந்ததால் அவற்றை அவன் தொடவில்லை. ஏற்றிய ஒன்பதும்கூட மீண்டும் ஓட்டக்கூடிய நிலையில் இல்லை. சில அப்போதே அறுந்து போயின. ஆக, அந்த ஒன்பது நாடாக்களின் குரல் இருப்பது ஒரே ஓரிடத்தில். அது மகன் விட்டுச் சென்ற பழைய மடிக்கணினி.

அந்தக் கணினியில் முன்பு விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அந்தப் பழைய இயந்திரத்துக்கு இல்லை. எனவே லாத்தாவின் தம்பி மகன் அதில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவிக் கொடுத்திருந்தான். பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான பதிப்பு அது. சில மாதங்கள் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் ஒலி நின்றுவிட்டது.

நகரத்துக் கடை ஒன்றில் காட்டினார்கள். "லினக்ஸ் என்றால் இப்படித்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். உள்ளே இருப்பது போய்விடும், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்லவேளையாக, அந்தப் பையன் வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கணினியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான்.

அன்று மஃரிபுக்குப் பிறகு என்னை அழைத்தார்கள். கூடத்தில் பையனும் நானும் கணினியுடன் அமர்ந்தோம். உள்ளறை வாயிலில் நின்றபடி லாத்தா கூறினார்: "ஹஜ்ரத், அவங்க குரல் இந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கு. இதை அழிச்சிட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

நான் பொறியியல் படித்தவனல்லன். கல்லூரியில் வரலாறு பயின்றவன். மதரஸாவின் பழைய கணினியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் கற்றுக்கொண்டதுதான் எனக்குள்ள கணினி அறிவு. அந்த அனுபவத்தால், முதலில் ஒலியைத் தேடவில்லை. பையனின் பென் டிரைவை வாங்கி, அந்த ஒன்பது கோப்புகளையும் அதில் படியெடுத்தேன். பிறகு அவற்றை என் கைப்பேசியில் ஏற்றி, ஒன்றைச் சில விநாடிகள் ஓடவிட்டேன். பேச்சு கேட்டது. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினியின் வாய்தான் அடைத்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஒலி வராத எந்தக் கணினியிலும் இந்த வேலையை முதலில் செய்யுங்கள். கைப்பேசியிலும் ஒலி வரவில்லையெனில், தாங்கள் நோயுற்ற இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் மருந்து தடவிக்கொண்டிருப்பீர்கள்.

இனி, ஒலி எங்கெல்லாம் நிற்கக்கூடும் என்பதைப் பார்ப்போம். மொட்டைமாடித் தொட்டியில் நீர் நிறைந்திருக்கிறது. அடுக்களைக் குழாயில் வரவில்லை. என்ன செய்கிறோம்? வீட்டை இடித்துவிட்டா மறுபடி கட்டுகிறோம்? தொட்டியின் வாயிலுள்ள திருகு திறந்திருக்கிறதா, நடுவிலுள்ள திருகு திறந்திருக்கிறதா, குழாயின் நுனியில் பாசி அடைத்திருக்கிறதா என்று படிப்படியாகப் பார்க்கிறோம். லினக்ஸ் கணினியில் ஒலியும் இவ்வாறே பல கை மாறி வருகிறது. பாட்டையோ பேச்சையோ இயக்கும் செயலி முதற்கை. அது தன் ஒலியை நேராக ஒலிபெருக்கியிடம் கொடுப்பதில்லை. ஒலிச் சேவகன் என்னும் இடைநிலை நிரலிடம் கொடுக்கிறது. அச்சேவகன் பல செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, ஆல்சா எனப்படும் அடித்தள அமைப்பிடம் ஒப்படைக்கிறான். ஆல்சா என்பது கெர்னல் என்னும் உட்கருவின் ஒரு பகுதி. அது ஒலிச் சில்லை இயக்குகிறது. சில்லிலிருந்து மின்னலையாகப் புறப்படுவது, இயர்போன் துளையைத் தாண்டி ஒலிபெருக்கியை அடைகிறது. இவற்றுள் எந்தக் கையில் தடை ஏற்பட்டாலும் நம் காதுக்குக் கிட்டுவது ஒரே மௌனம்தான். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இத்தனை கைகள் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். நான் வரலாற்று மாணவன் அல்லவா? அதைச் சற்று விரித்துரைக்க அனுமதியுங்கள்.

லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் கைகளில் உருவாயிற்று. அச்சுப்பொறியானாலும் முனையமானாலும், இயந்திரத்தோடு இணைந்த ஒவ்வொரு கருவியையும் ஒரு கோப்பாகக் காட்டுவது அதன் கொள்கை. அக்கோப்பில் எழுதினால் கருவி இயங்கும். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டபோதும் அக்கொள்கையே தொடர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே மற்றொரு பின்லாந்துக்காரரான ஹன்னு சவோலைனென் ஒலி அட்டைக்கான இயக்கியை எழுதினார். அதுவே பின்னாளில் ஓஎஸ்எஸ் எனப் பெயர்பெற்றது. அம்முறையில் ஒலி அட்டையும் ஒரு கோப்புதான். ஆனால் ஒரு செயலி அக்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டால், பெரும்பாலான அட்டைகளில் மற்றொரு செயலி காத்திருக்க வேண்டியதே. பாட்டு ஓடும்போது மடல் வந்த மணியோசை கேட்காது.

1990களில் லினக்ஸில் ஒலி வரவழைப்பது ஒரு தவம். ஒலி அட்டையின் முகவரி 220, குறுக்கீட்டு எண் 5, நேரடி நினைவக வழி 1 என்றெல்லாம் எண்களைக் கொடுத்து, பல வேளைகளில் உட்கருவையே மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் என்னும் சொல்லைத் தாம் எவ்வாறு உச்சரிக்கிறார் என்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் தம் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். ரெட் ஹாட் நிறுவனம் வழங்கிய ஒலியமைப்புக் கருவி அந்தப் பதிவையே சோதனை ஒலியாகப் பயன்படுத்தியது. அவர் குரல் கேட்டால் அட்டை வேலை செய்கிறது என்று பொருள்!

செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கைசெலா 1998இல் ஆல்சா திட்டத்தைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வெளியான 2.6ஆம் உட்கருவில் அதுவே முதன்மை ஒலியமைப்பாயிற்று. பல செயலிகளின் ஒலியைக் கலக்கவும், ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் லென்னார்ட் போட்டரிங் 2004இல் ஓர் ஒலிச் சேவகனை எழுதத் தொடங்கினார். பின்னர் அதற்கு பல்ஸ் ஆடியோ என்று பெயர் வந்தது. 2007 நவம்பரில் ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 ஆகியவை அதனை ஏற்றுக்கொண்டன. தொடக்கத்தில் அது பலருடைய கணினிகளை ஊமையாக்கிக் கடும் வசவுக்கு உள்ளானது. அதன் இடத்தை இப்போது பைப்வயர் பிடித்திருக்கிறது. விம் டேமான்ஸ் என்பவர் தொடங்கிய திட்டம் இது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10, 2024 ஜூலையில் லினக்ஸ் மின்ட் 22 என ஒவ்வொன்றும் அதற்கு மாறின.

இவ்வரலாற்றால் வீட்டிலிருப்போருக்கு என்ன பயன் என்றால், ஒன்று உண்டு. ஒலிச் சிக்கலுக்கு ஆளாளுக்கு ஒரு கட்டளையைச் சொல்வார்கள். அக்கட்டளை எந்தக் காலத்துச் சேவகனுக்கு உரியது என்று பாராமல் தட்டெழுதினால், இல்லாத வேலைக்காரனைப் பெயர் சொல்லி அழைத்தது போலாகும். அதைவிடக் கேடு, "பழைய ஒலிச் சேவகனை நீக்கிவிட்டு மறுபடி நிறுவு" என்னும் ஆலோசனை. ஒரு தொகுப்பை நீக்கும்போது அதைச் சார்ந்த வேறு பலவும் உடன் போய்விடக்கூடும். திரையின் முகப்பே காணாமல் போனவர்கள் உண்டு. நீக்கப்படவிருப்பவற்றின் பட்டியலைக் கணினி காட்டும்போது படிக்காமல் சம்மதம் கொடுத்துவிடாதீர்கள்.

நம் மாநிலத்தில் லினக்ஸ் ஒன்றும் அந்நியப் பொருளன்று. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில், விண்டோஸோடு சேர்த்து சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பெண்பிள்ளைகள் இன்று தாய்மார்களாகியிருப்பார்கள். மடிக்கணினி பரணில் இருக்கும். சரி, லாத்தாவின் கூடத்துக்குத் திரும்புவோம்.

ஒரு கோப்பை ஓடவிட்டு, பல்ஸ் ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்னும் சாளரத்தைத் திறந்தேன். பெயரில் பல்ஸ் ஆடியோ இருந்தாலும், உள்ளே பைப்வயர் இயங்கும் கணினியிலும் இச்சாளரம் வேலை செய்யும். ஏனெனில் பைப்வயர் பழைய சேவகனின் மொழியையும் பேசும். இதன் முதற்பக்கத்தில், ஒலி எழுப்பும் ஒவ்வொரு செயலியின் பெயரும், அதன் கீழ் ஓர் அளவுப் பட்டையும் இருக்கும். ஒலி செல்லும்போது அப்பட்டை துடிக்கும். மின்சாரம் வருகிறதா என்று பார்க்கச் சோதனை விளக்கு வைத்துப் பார்ப்பதில்லையா, அதுபோல.

பட்டை துடித்தது.

இந்த ஓர் அடையாளம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. பட்டை துடித்தால் செயலியும் கோப்பும் நலமாக உள்ளன; தடை கீழ்நோக்கிய வழியில் இருக்கிறது. துடிக்காவிட்டால் தடை மேலே இருக்கிறது. அப்போது செயலியின் உள்ளேயே ஒலி அடக்கப்பட்டிருக்கலாம். உலாவியின் அந்த ஒரு பக்கம் மட்டும் ஊமையாக்கப்பட்டிருக்கலாம். அல்லது அவ்வகைக் கோப்பை விரித்துப் படிக்கும் நிரல் கணினியில் இல்லாதிருக்கலாம். எம்பி3 வகைக்கு முன்பு காப்புரிமைச் சிக்கல் இருந்ததால் பல லினக்ஸ் பதிப்புகள் அதற்கான நிரலைச் சேர்க்காமலே வந்தன. 2017இல் அத்தடை நீங்கியது. பழைய பதிப்புகளை இன்னும் வைத்திருப்போர் இதனை நினைவில் கொள்க.

அடுத்து வெளியீட்டுக் கருவிகளின் பக்கம். இங்கேதான் பலருடைய கணினி குணமாகிவிடும். பெருநாள் அன்று கணினியைத் தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்துப் படம் பார்த்திருப்பார்கள். கம்பியைக் கழற்றிய பின்னும் ஒலி அந்தத் திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். சரியான கருவியின் எதிரிலுள்ள பச்சைக் குறியை அழுத்தினால் போதும். கடைசிப் பக்கத்தில் ஒலி அட்டையின் அமைவே அணைக்கப்பட்டிருந்தாலும் அதையும் அங்கே திருத்தலாம். இவை எதுவும் இல்லாமல், டம்மி அவுட்புட் என்ற பெயர் மட்டும் தெரிந்தால் நிலைமை வேறு. சேவகன் இருக்கிறான், ஆனால் அவன் கண்ணுக்கு ஒலி அட்டையே தென்படவில்லை என்பது அதன் பொருள். அண்மையில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டதா என்று பாருங்கள். ஆம் எனில், கணினி தொடங்கும் வேளையில் வரும் பட்டியலில் முந்தைய உட்கருவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் குற்றவாளி புதுப்பித்தல்தான். இன்டெல் சில்லுள்ள புதிய மடிக்கணினிகள் பலவற்றில், எஸ்ஓஎஃப் எனப்படும் ஒரு துணைக்கோப்பு நிறுவப்படாமையாலும் இந்நிலை வரும்.

லாத்தாவின் கணினியில் டம்மி அவுட்புட் இல்லை. அட்டை தெரிந்தது. அதன் பட்டையும் துடித்தது. ஆனால் வெளியேறும் வாயில் என்ற இடத்தில் ஹெட்ஃபோன் என்றும், அதனருகே "செருகப்பட்டுள்ளது" என்னும் பொருளிலும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் கணினியின் பக்கவாட்டைப் பார்த்தேன். அங்கே எதுவும் செருகப்படவில்லை.

பையனின் இயர்போனை வாங்கிச் செருகினேன். அவன் காதில் வைத்தான். உடனே அவன் முகம் மாறியது. "மாமா பேசுறாங்க!" என்றான். ஒலி துளை வரையில் வந்துகொண்டுதான் இருந்தது. இயர்போனைக் கழற்றினேன். மீண்டும் மௌனம். திரையில் அதே எழுத்து.

இயர்போன் துளையினுள் சிறு உலோகப் பட்டை ஒன்று உண்டு. முள் நுழைந்தால் அது நகரும். அதைக் கொண்டே கணினி இயர்போன் வந்திருப்பதை உணர்ந்து, ஒலிபெருக்கியை அடக்கிவிடுகிறது. தூசியாலோ ஈரத்தாலோ உப்புக்காற்றாலோ அப்பட்டை சிக்கிக்கொண்டால், இல்லாத இயர்போனுக்காகக் கணினி ஓயாமல் ஒலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவியிருந்தாலும் ஒரு பயனும் விளைந்திராது. புதிய இயங்குதளமும் அதே துளையிடம்தான் கேட்டிருக்கும். அதே பொய்யைத்தான் நம்பியிருக்கும். ஒன்பது கோப்புகள் போயிருக்கும், ஒலியும் வந்திராது.

முதலில் கணினியை அணைத்து, துளையை நன்றாக ஊதினேன். இயர்போன் முள்ளைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி, சுழற்றி, எடுத்தேன். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். அன்று சரியாகவில்லை. கணினியை இயக்கியபோது ஒரு கணம் திரையில் எழுத்து மாறியது. மறுகணம் பழையபடி ஆகிவிட்டது. ஊசியை விட்டுக் கிண்டிப் பார்க்கலாமா என்று பையன் கேட்டான். அதைச் செய்தே பல துளைகள் கெட்டிருக்கின்றன, வேண்டாம் என்றேன்.

அப்போதுதான் ஆல்சாமிக்ஸரை நாட வேண்டியதாயிற்று. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆல்சா, மிக்ஸர் என்னும் இரு ஆங்கிலச் சொற்களையும் சிறிய எழுத்தில் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதி, என்டர் விசையை அழுத்தினால் அது தோன்றும். முதலில் மாஸ்டர் என்ற ஒற்றைத் தூண் மட்டுமே தெரியும். பலர் இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடிவிடுகிறார்கள். அது சேவகனின் முகம். அட்டையின் முகம் அன்று. எஃப்6 விசையை அழுத்தி, பட்டியலிலிருந்து உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்தால்தான் எல்லாத் தூண்களும் வரிசையாக வெளிப்படும். தூணின் அடியில் எம்எம் என்றிருந்தால் அவ்வழி அடைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பூச்சியங்கள் இருந்தால் திறந்திருக்கிறது. எம் விசையை அழுத்தினால் நிலை மாறும். மாஸ்டர் திறந்திருந்து ஸ்பீக்கர் தூண் மட்டும் அடைபட்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆல்சா அமைப்பு முதன்முதலில் நிறுவப்படும்போது எல்லா வழிகளையும் அடைத்தே வைப்பது அதன் தொல்வழக்கம். தற்காலப் பதிப்புகள் நமக்காகத் திறந்துவிடுகின்றன. சில வேளைகளில் ஒன்றை மறந்துவிடுகின்றன.

வலப்பக்க அம்புக்குறியை அழுத்திக்கொண்டே சென்றால் ஆட்டோ மியூட் என்னும் இடம் வரும். எல்லாக் கணினியிலும் இராது. இருந்தால் இயர்போன் கண்டவுடன் ஒலிபெருக்கியை அடக்கும் பழக்கத்தின் பிடி அதுதான். கீழ் அம்பை அழுத்தி அதைச் செயலிழக்கச் செய்தேன். முந்தைய சாளரத்துக்குத் திரும்பி, வாயில் என்ற இடத்தில் ஹெட்ஃபோனுக்குப் பதிலாக ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன்.

கூடம் நிறைய ஒலித்தது அந்தக் குரல். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றியும், ஊருக்கு அனுப்பிய துணிகளைப் பற்றியும், உம்மாவின் மூட்டுவலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். உள்ளறையில் ஓசையில்லை. நாங்களும் பேசவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆல்சாமிக்ஸரில் செய்த மாற்றம் கணினியை முறைப்படி அணைக்கும்போதுதான் பொதுவாகச் சேமிக்கப்படுகிறது. மின்விசையை அழுத்திப் பிடித்துத் திடீரென அணைத்தால், செய்த வேலை நிலைக்காமல் போகலாம். இனி இயர்போன் செருகினாலும் ஒலிபெருக்கியும் சேர்ந்தே ஒலிக்கக்கூடும் என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் லுஹருக்குப் பின் பையன் வந்தான். ஒலி வருகிறது, ஆனால் ஒரு குறை. "ஒவ்வொரு நாடாவும் ஸலாம் சொல்லித்தான் தொடங்குமாம். ஆனா முதல் எழுத்துகளைக் காணோம். 'லாமு அலைக்கும்'ன்னுதான் கேட்குதுன்னு மாமி சொல்றாங்க. முன்னாடி முழுசா இருந்துச்சாம்."

இதுவும் பலர் அறியாத ஒன்று. ஒலி எதுவும் இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி ஒலிச் சில்லை உறங்க வைக்கிறது. பைப்வயர் அமைப்பில் ஐந்து விநாடிகள் ஒலி இல்லாதிருந்தாலே கருவியை விட்டுவிடுவதுதான் இயல்பான ஏற்பாடு. அதன்பின் சில்லும் தன் பங்குக்குக் கண்ணயர்கிறது. மறுபடி ஒலி வரும்போது அது விழித்தெழ ஆகும் நொடிப்பொழுதில் முதற்சொல் போய்விடுகிறது. சில கணினிகளில் அவ்வேளையில் டப் என்ற ஓசையும் கேட்கும். இசை கேட்போர்க்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாது. பேச்சுக்கோ ஓதலுக்கோ அப்படியில்லை. குர்ஆன் ஓதலின் பதிவைக் கேட்கும்போது தொடக்கத்து எழுத்துகள் விழுங்கப்படுவதை மதரஸாவிலும் நான் கண்டு வருந்தியதுண்டு.

உறக்கம்தான் காரணமா, அல்லது பதிவே குறைபட்டதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. கோப்பை ஓடவிடுங்கள், இரண்டு மூன்று விநாடிகள் கழித்து நிறுத்தாமலே மீண்டும் தொடக்கத்துக்கு இழுத்துவிடுங்கள். இரண்டாம் முறை முதற்சொல் முழுமையாகக் கேட்டால் காரணம் உறக்கமே. பையனை வீட்டுக்கு அனுப்பிச் செய்யச் சொன்னேன். முழுமையாகக் கேட்டது என்றான்.

நிரந்தரத் தீர்வாக, ஒலிச் சில்லின் இயக்கிக்கு "மின்சேமிப்பு 0" என்று கூறும் ஒரே ஒரு வரியை, நிர்வாகி உரிமையுடன், இயக்கிகளின் அமைவுகள் இருக்கும் கோப்பகத்தில் எழுதி வைத்தோம். ஒரு முறை அணைத்து இயக்க வேண்டும். ஓரளவு மின்கலம் கூடுதலாகச் செலவாகும். வீட்டிலேயே மின்னிணைப்பில் இருக்கும் கணினிக்கு அது பொருட்டன்று. சேவகன் கருவியை விட்டுவிடுவதாலேயே முதற்சொல் போகும் கணினிகளும் உண்டு; அவற்றில் அந்த ஐந்து விநாடிக் கெடுவையும் மாற்ற வேண்டியிருக்கும். கட்டளைகளில் கை வைக்க அஞ்சுவோர், ஒலியற்ற ஒரு கோப்பை மற்றொரு செயலியில் ஓடவிட்டுக்கொண்டே தாம் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிச் சில் விழித்தே இருக்கும்.

கடைக்குப் போகுமுன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இன்னும் இரண்டு உள்ளன. கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைந்து ஒலியைச் சோதியுங்கள். ஒலிச் சேவகன் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக இயங்குபவன். அவன் நினைவில் வைத்திருக்கும் அமைவுகளும் அந்தப் பயனருக்கே உரியவை. புதிய கணக்கில் ஒலி வந்தால் பழைய கணக்கின் அமைவு மட்டுமே கெட்டிருக்கிறது. இதனாலேயே, நிர்வாகி உரிமையோடு ஒலிச் சேவகனை இயக்க முயல்வதும் தவறு. உங்களுக்குரிய சேவகன் வேறு, அவருக்குரியவன் வேறு. மற்றொன்று, லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து நேராக இயக்கிப் பார்ப்பது. வட்டிலுள்ள எதையும் தொடாமல் அது இயங்கும். அதில் ஒலி வந்தால் கருவி நலம். தங்கள் கணினியின் அமைவில்தான் பிழை. அதிலும் வராவிட்டால், அழித்து நிறுவுவதால் பெரும்பாலும் பயன் இராது என்பதைக் கடைக்காரரிடம் தாங்களே எடுத்துச் சொல்லலாம்.

புளூடூத் காதணி வைத்திருப்போர், பிள்ளைகள் இணையவழி வகுப்பில் நுழைந்ததும் ஒலி பழைய தொலைபேசி போல் கரகரப்பதாகச் சொல்கிறார்கள். ஒலிவாங்கியும் சேர்ந்து வேலை செய்யும்போது காதணி தரம் குறைந்த வழிக்கு மாறுவதால் நேர்வது அது. கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் காதணியைத் தரமான வழிக்கே திருப்பிவிடலாம்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அவ்வீட்டு வாயிலைக் கடந்து வந்தேன். சன்னல் திறந்திருந்தது. முதல் நாடா ஓடத் தொடங்கியது. இம்முறை ஸலாம் முழுமையாகக் கேட்டது. உள்ளேயிருந்து லாத்தா மெல்லிய குரலில் பதில் ஸலாம் கூறினார்.

அந்த ஒன்பது கோப்புகளும் இப்போது பென் டிரைவிலும், வெளிநாட்டிலுள்ள மகனுடைய கணினியிலுமாக மேலும் இரண்டு இடங்களில் இருக்கின்றன. பூஞ்சை படர்ந்த மூன்று நாடாக்களையும் லாத்தா ஒரு துணியில் சுற்றிப் பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவை என் மேசை மீது இருக்கின்றன. அவற்றைப் பற்றி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகிறேன்.